நின்ற உயரம்

வணக்கம் சார்,

ஊர் கரூர், இருப்பது பெங்களூரு பெல்லந்தூரில், வயது 43. போன வருடம் மகளின் பிறந்தநாளுக்கு 20 இஞ்ச் யூனிசைக்கிள் (ஒற்றைச் சக்கர சைக்கிள்) ஒன்று வாங்கிக்கொடுத்தேன். அவளைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி ஓடி எனக்கும் ஆசை வந்துவிட்டது. மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் கப்பன் பார்க்கில் இரண்டு பேரும் ஓட்டுகிறோம். நான் நூறு மீட்டர் வரை போகிறேன். ஏறுவதற்கு மட்டும் இன்னும் கம்பிவேலியைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

பிரச்சினை ஹெல்மெட். மகள் போடுகிறாள், நான் போடுவதில்லை. “நீ போடலைன்னா நானும் கழட்டிடுவேன்” என்று போன வாரம் நடுரோட்டில் மறியல். என் தரப்பு இது: யூனிசைக்கிள் போகிற வேகம் கொஞ்சம் வேகமான நடை அளவுதான். விழுந்தாலும் காலில்தான் வந்து நிற்கிறேன். ஜப்பானில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வெறும் தலையோடு ஓட்டுகிறார்கள். சர்க்கஸில் எவர் ஹெல்மெட் போட்டார்? ஹெல்மெட் போட்டால் வண்டிக்காரர்கள் இன்னும் நெருக்கி ஓட்டுகிறார்கள் என்று இங்கிலாந்தில் ஒருவர் அளந்தே காட்டியிருக்கிறார். வாக்கிங் வருகிறவர்கள் ஏற்கெனவே என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், இதில் ஹெல்மெட் வேறா என்றும் இருக்கிறது.

நீங்களும் ஓட்டுவதாக எழுதியிருந்தீர்கள். நீங்கள் போடுவீர்களா?

எஸ்.

*

அன்புள்ள எஸ்,

போடுகிறேன். ஆனால் ஹெல்மெட் பிளந்து தலை பிழைத்த கதை எதுவும் என்னிடம் இல்லை. நான் விழுந்ததில் உடைந்தது மணிக்கட்டு.

அல்சூரில் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தள பார்க்கிங்கில்தான் கற்றுக்கொண்டேன், 51 வயதில். ஒரு தூணை விட்டு அடுத்த தூணைப் பிடிப்பதுதான் அன்றைய லட்சியம். மூன்றாவது வாரம் முன்பக்கம் சாய்ந்தபோது, கால் தரையைத் தொடுவதற்குள் வலது கை முந்திக்கொண்டது. எழுந்து கையை உதறிவிட்டு இன்னும் அரை மணி நேரம் ஓட்டினேன். மறுநாள் காலையில் காபி டவராவைத் தூக்க முடியவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. கட்டைவிரலுக்கு அடியில் ஸ்கேஃபாய்டு என்று ஒரு சிற்றெலும்பு இருக்கிறது. அது விரிசல் விட்டால் முதல் படத்தில் தெரியாமல் போவது உண்டு. பத்து நாள் கழித்து எடுத்த படத்தில் மெல்லிய கோடு தெரிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. இடது கையால் ரசம் சாதம் சாப்பிடுவது யூனிசைக்கிளைவிடக் கஷ்டம்.

ஆகவே உங்கள் கேள்விக்கு முன்னால் என் கேள்வி: மணிக்கட்டுக்கு ஏதாவது போடுகிறீர்களா? ஸ்கேட்டிங் பிள்ளைகள் மாட்டிக்கொள்வார்களே, உள்ளங்கைப் பக்கம் வளைந்த பிளாஸ்டிக் பட்டை வைத்த உறை, அது. உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சர்வதேச யூனிசைக்கிள் கூட்டமைப்பு நடத்தும் ஓட்டத்தடப் பந்தயங்களில் ஷூ, முழங்கால் உறை, கையுறை இல்லாமல் இறங்க முடியாது. சாலைப் பந்தயம், மலைப்பாதை என்று வரும்போது ஹெல்மெட்டும் கட்டாயமாகிறது. முதலில் கையும் காலும், பிறகு தலை. விழுந்து பார்த்தவர்கள் போட்ட வரிசை அது.

நீங்கள் காலில் வந்து நிற்பது உண்மைதான், நம்புகிறேன். இதில் சங்கிலி கிடையாது, ஃப்ரீவீல் கிடையாது. பெடல் நேராகச் சக்கரத்தின் அச்சிலேயே மாட்டியிருக்கிறது. பெடலை நிறுத்தினால் சக்கரம் நிற்கும், உடம்பு முன்னால் போகும், முன்னால் ஹேண்டில்பார் எதுவும் இல்லாததால் கால் சும்மா தரைக்கு வந்துவிடும். இரண்டு எட்டு ஓடி நின்றுவிடலாம். சைக்கிளைவிட இதில் அடிபடாமல் விழுவது சுலபம் என்று ஓட்டுகிறவர்கள் சொல்வது இதனால்தான்.

ஆனால் மூன்று மாதமாக நீங்கள் விழுந்ததெல்லாம் ஒரே ஜாதி, முன்பக்க விழுகை. வேலியை விட்டுவிட்டு நடுத்தரையில் ஏறப் பழகும்போது மற்ற ஜாதியைச் சந்திப்பீர்கள். சீட்டைத் தொடையிடுக்கில் வைத்து, ஒரு காலைப் பெடலில் ஊன்றி எழும்பும்போது, உடம்பு சக்கரத்துக்கு நேர்மேலே வந்து சேர வேண்டும். வராமல் பின்னாலேயே தங்கிவிட்டால், நாம் உட்கார்ந்திருக்கும் பாயை யாரோ உருவியதுபோலச் சக்கரம் முன்னால் பாய்ந்துவிடும். இறக்கத்தில் பெடலைப் பின்னுக்கு அழுத்தி வேகத்தைக் குறைக்கும்போதும் இது நடக்கும். அந்த விழுகையில் கால் உதவிக்கு வராது. முதுகெலும்பின் அடிநுனி, முழங்கை, பின்மண்டை என்ற வரிசையில் தரையைத் தொடுவோம். கப்பன் பார்க் தரை தார் என்பதை நினைவில் வையுங்கள்.

இப்போது வேகத்துக்கு வருகிறேன். உங்கள் வாதத்தில் தப்பு இருப்பது இங்கேதான்.

20 இஞ்ச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.6 மீட்டர் போகும். கியர் இல்லாததால் ஒரு மிதி ஒரு சுற்று. நிமிடத்துக்கு நூறு மிதி மிதித்தால்கூட (மிதித்துப் பாருங்கள், நாக்கு தள்ளும்) மணிக்கு 10 கிலோமீட்டரைத் தொடாது. நீங்கள் சொன்னது சரி. ஆனால் தலைக்குத் தெரிய வேண்டிய வேகம் அதுவல்ல. பெடல் கீழே இருக்கும்போது தரையிலிருந்து அரை அடிக்குக் கொஞ்சம் குறைவு. அதன்மேல் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறீர்கள். அப்படியென்றால் உங்கள் தலை, நீங்கள் நிற்கும் உயரத்தைவிட ஒரு கையகலம் மேலே இருக்கிறது. 1.7 மீட்டர் உயரத்திலிருந்து எதைப் போட்டாலும் தரையில் படும்போது மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும். நீங்கள் ஓட்டிக்கொண்டிருந்தாலும் சரி, வேலியைப் பிடித்துச் சும்மா நின்றுகொண்டிருந்தாலும் சரி, இந்த எண் மாறாது. தலை தேங்காய் மாதிரித் தனியாக விழாது, இடுப்பும் கையும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். அவை வாங்கிக்கொள்ளாத ஒரு நாளைப் பற்றித்தான் பேசுகிறோம்.

எங்கள் மாடியில் ஒருவர் இருந்தார், வங்கி வேலை, அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். துடைத்துவிட்ட ஈரத்தரையில் குளியலறை வாசலில் வழுக்கி விழுந்தார். சத்தம் கேட்டு ஓடினோம். “ஒண்ணும் இல்ல தம்பி” என்று எழுந்து உட்கார்ந்து, காபி குடித்து, தண்ணீர் லாரிக்காரன் கணக்கைக்கூட என்னோடு பேசி முடித்தார். இரண்டு மணி நேரத்தில் வாந்தி, பிறகு பேச்சுக் குழறல். நிமான்ஸ் நரம்பியல் மருத்துவமனையின் கேஸுவாலிட்டியில் ஒரு சின்ன வயது டாக்டர் படிவத்தை நிரப்பிக்கொண்டே, “எஷ்டு எத்தரதிந்த பித்ரு?” என்றார். எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தார் என்று. அவர் மனைவி பாதி புரிந்து, “எங்கேயும் ஏறலைங்க, சும்மா நின்னுக்கிட்டுதான் இருந்தாரு” என்றார். டாக்டர் தலையசைத்து அதைத்தான் எழுதிக்கொண்டார், நின்ற உயரம் என்று. மண்டையோட்டுக்கும் மூளையின் மேலுறைக்கும் நடுவில் ரத்தம் சேர்கிற வகை. நடுவில் சிறிது நேரம் ஆள் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பதுதான் அதன் வஞ்சகம். அறுவை செய்தார்கள், பிழைத்துவிட்டார். அந்தச் சொல் மட்டும் என்னோடு தங்கிவிட்டது.

சைக்கிள் ஹெல்மெட்டின் ஐரோப்பியத் தரம் என்ன கேட்கிறது என்று பிறகு தேடிப் படித்தேன். ஹெல்மெட்டுக்குள் தலை வடிவம் ஒன்றை வைத்துத் தட்டையான இரும்பின்மேல் மோதவிடுகிறார்கள், நொடிக்கு 5.42 மீட்டர் வேகத்தில். அது ஏறக்குறைய ஒன்றரை மீட்டரிலிருந்து விழும் வேகம். லாரியோ பஸ்ஸோ அந்தச் சோதனையில் இல்லை. “லாரி ஏறினா இந்தத் தெர்மோகோல் என்ன பண்ணும்?” என்று கேட்பவர்கள் சரியாகவே கேட்கிறார்கள், ஒன்றும் பண்ணாது. அது கிட்டத்தட்ட நின்ற உயரத்துக்கு என்றே செய்யப்பட்ட பொருள். சைக்கிள்காரர்களைவிட நமக்குத்தான் கச்சிதமாகப் பொருந்துகிறது என்று தோன்றுகிறது.

இது எனக்குப் புதிதாகத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. என் அப்பா கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தார். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அந்த ஆழத்தில் பாறை தானாகவே வெடித்துச் சிதறும். அது நடந்தால் எங்கள் தொழிலாளர் லைனில் அன்றைக்கு அடுப்பு எரியாது. ஷிப்டுக்குப் போகும்போது விளக்கு மாட்டிய தொப்பியை அவர் எடுத்துவைப்பதைப் பார்த்து, “பாறை வெடிச்சா இது தாங்குமாப்பா?” என்று கேட்டிருக்கிறேன். “அதுக்கு யாருடா போடறா? கூரை தாழ்ந்த எடத்துல ஒரு நாளைக்கு நாலு தடவை இடிச்சுக்குவேன், அதுக்கு” என்றார். சுரங்கம் 2001-ல் மூடிவிட்டது. தொப்பியில் கறுப்புக் கீறல்கள் நிறைய இருந்தன.

உங்கள் மற்ற சாட்சிகள். ஜப்பானியப் பிள்ளைகள் ஓட்டுவது பெரும்பாலும் பள்ளி மைதானத்து மண்ணில், அவர்கள் தலை இருப்பது உங்கள் நெஞ்சு உயரத்தில். சர்க்கஸை நான் தங்கவயல் ராபர்ட்சன்பேட்டையில் சின்ன வயதில் பார்த்தேன். ஆளுயரத்துக்கு மேலான ஒற்றைச் சக்கரத்தில் ஒரு பெண் வந்தாள். தரையெல்லாம் மரத்தூள். எல்லாரும் அவள் முகத்தையும் குடையையும் பார்த்தோம். கீழே சாயம்போன சட்டையில் ஒருவர் அவள் இடுப்பை மட்டுமே பார்த்துக்கொண்டு, சக்கரத்தோடு சக்கரமாக நகர்ந்துகொண்டிருந்தார், கைகள் பாதி உயர்ந்தபடி. அவள் ஹெல்மெட் அவர்தான். உங்களுக்கு அப்படி ஒருவர் கிடைத்தால் தலையைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்துக்காரர் இயன் வாக்கர், பாத் பல்கலைக்கழகத்தில் உளவியலாளராக இருந்தபோது 2006-ல் வெளியிட்டது அது. தன் சைக்கிளில் கருவி பொருத்தி, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட வண்டிகள் தன்னை முந்திப்போன இடைவெளியை அளந்தார். ஹெல்மெட் போட்டபோது சராசரியாக 8.5 சென்டிமீட்டர் கூடுதலாக நெருங்கின. ஆய்வின்போது அவரை ஒரு பஸ்ஸும் ஒரு லாரியும் இடித்தன, இரண்டு முறையும் ஹெல்மெட் போட்டிருந்தார் என்பது உங்கள் கட்சிக்கு இன்னும் பலம். அந்தக் கணக்கை மறுத்தவர்களும் உண்டு. எப்படியானாலும் ஞாயிற்றுக்கிழமை கப்பன் பார்க்கில் வண்டிகளே கிடையாது. அங்கே உங்களை நெருங்கப்போவது யாரோ ஒருவரின் லேப்ரடார்.

ஆக, கடிதத்தின் நிஜமான வாக்கியம் கடைசியில்தான் வருகிறது: சிரிக்கிறார்கள். அதைப் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள், ஜப்பானையும் இங்கிலாந்தையும் முன்னால் நிறுத்திவிட்டு. கூச்சத்தை நான் குறைவாக மதிப்பிடவில்லை. முதல் நாள் ஹெல்மெட்டோடு பார்க்கிங்கில் இறங்கியபோது வாட்ச்மேன் எழுந்து நின்றுவிட்டார், ஏதோ இன்ஸ்பெக்‌ஷன் என்று. இந்த ஊரில் ஹெல்மெட் என்றால் போலீஸ்தான் ஞாபகம் வருகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு, மிதிக்கிறவர்களை அது கண்டுகொள்வதில்லை. முழங்கையில் மாட்டிக்கொண்டு வருகிற ஹெல்மெட் டிரினிட்டி சர்க்கிளில் வெள்ளைச் சட்டையைக் கண்டதும் தலைக்கு ஏறும், தாண்டியதும் இறங்கும். அபராதம் இல்லாத இடத்தில் ஒருவன் அதைப் போட்டுக்கொண்டு வந்தால் பார்க்கிறவர்களுக்கு வேடிக்கையாகத்தான் இருக்கும். எப்படியும் நீங்கள் ஒற்றைச் சக்கரத்தில் போகிறீர்கள். சிரிக்கிறவர்கள் ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டார்கள், தொப்பிக்காக இரண்டாவது முறை சிரிக்க மாட்டார்கள்.

வாங்குவதானால் ஸ்கூட்டர் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ஒரு கிலோவுக்கு மேல் கனம், காது அடைக்கும், கழுத்து சாய்கிற திசையில் உடம்பும் சாயும். பந்தய சைக்கிள்காரர்களின் கூர்வால் ஹெல்மெட்டும் வேண்டாம். நமக்குப் பயம் பின்மண்டைக்கு. ஸ்கேட்டிங்காரர்கள் போடுகிற, பிடரிவரை இறங்குகிற உருண்டை வகையே நல்லது. புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடம், தாடைவாருக்கு அடியில் ஒரு விரல் நுழைகிற இறுக்கம். பலமாக ஒருமுறை அடி வாங்கினால் வெளியே கீறலே இல்லாவிட்டாலும் தூக்கிப்போட்டுவிடுங்கள். உள்ளே நசுங்கிய தெர்மோகோல் மறுபடி உப்பாது. அவுட்டர் ரிங் ரோட்டில் சில பையன்கள் பேட்டரி வைத்த ஒற்றைச் சக்கரத்தில் பறக்கிறார்களே, அது வேறு கதை. அதற்கு முகம் மூடிய ஹெல்மெட்டே குறைச்சல்.

மகள் விஷயத்தில் எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. அவளுக்கு முன்மாதிரியாக இருக்கிறேன் என்று போடாதீர்கள், கண்டுபிடித்துவிடுவாள். உங்கள் மண்டைக்காகப் போடுங்கள்.

இன்னொன்று, கேட்டுவிட்டீர்கள் என்பதால். மழை நாளில் வீட்டுக்குள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடிப் பழகுவேன். அப்போது நான் ஹெல்மெட் போடுவதில்லை. உயரம் அங்கேயும் அதே உயரம்தான், தரை மொசைக் வேறு. அலமாரி வரை போய் எடுக்கச் சோம்பல். என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போகிறாள்.