முன் டயரும் பின் டயரும்: ஒரு வாசகர் கடிதம்

வணக்கம் ஐயா,

செம்பனைத் தோட்டப் பாதைகளில் மிதிவண்டி ஓட்டுவது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நாங்களும் ஐந்து பேர் ஞாயிறுதோறும் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் ஓட்டுகிறோம். டயர் என்று பேச்செடுத்தாலே எங்களுக்குள் வாக்குவாதம்தான். இரண்டு சக்கரத்துக்கும் 2.4 அங்குல அகலத்தில், மண்ணைப் பற்றும் ரப்பர் முளைகள் பெரிதாக வைத்த டயர் வேண்டும் என்கிறார் ஒருவர். 2.1 போதும், கனமான டயர் காலை வாங்கிவிடும் என்கிறார் இன்னொருவர். மூன்றாமவருக்கு, உள்ளே டியூப் இல்லாத டியூப்லெஸ் டயர் வீண் செலவு. நான் புது டயர் வாங்கவேண்டும். யார் பேச்சைக் கேட்பது?

அன்புடன்,
ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர்கள் மூவரும் தாங்கள் பட்டறிந்ததைத்தான் சொல்கிறார்கள். ஆனால், எந்த மண்ணில் ஓட்டினார்கள், உடல் எடை எவ்வளவு, டயரில் எத்தனை பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காற்று வைத்திருந்தார்கள் என்ற மூன்றையும் சொல்லாமல் டயரின் பெயரை மட்டும் சொல்வதால் பேச்சு வாக்குவாதமாகிவிடுகிறது. தோட்ட லாரி ஓடி இறுகிய செம்மண் சாலையில், வெயில் காலத்தில், 2.1 அங்குல டயர் சுகமாக உருளும். அந்த நண்பர் பெரும்பாலும் அங்கேதான் ஓட்டுகிறார் என்று ஊகிக்கிறேன். அவரே செம்பனை மர நிரைகளுக்குள் இறங்கி, ஈர வேர்களின் மேல் ஏறி வந்தால் வேறு மாதிரிப் பேசுவார்.

இரண்டு சக்கரத்துக்கும் ஒரே டயர் என்பதை நான் ஏற்பதில்லை. வளைவில் பின் சக்கரம் வழுக்கினால் உடலைச் சாய்த்து மீட்டுக்கொள்ளலாம். முன் சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் விழுந்த பிறகுதான் தெரியும். ஆகவே முன்னால் அகலமான, முளைகள் உயர்ந்து இடைவெளி விட்டு நிற்கிற, ரப்பர் மென்மையான டயரும், பின்னால் முளை தாழ்ந்து சற்று நெருங்கிய, சீக்கிரம் தேயாத டயரும் போடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. சில நிறுவனங்கள் ரப்பரின் மென்மையை 42, 50, 60 என்று எண்ணால் குறிக்கின்றன. எண் குறையக் குறைய மென்மை கூடும். ஈர வேரிலும் பாசி பிடித்த கல்லிலும் முளை ஊன்ற இடம் கிடையாது என்பதால் அங்கே இந்த மென்மைதான் பிடித்து நிறுத்துகிறது. மலாய்க்காரர்கள் டயரின் வெட்டுகளை ‘பூங்ஙா தாயார்’, அதாவது டயரின் பூ, என்கிறார்கள். கடையில் எல்லோரும் அந்தப் பூவைப் பார்க்கிறார்கள். ரப்பரின் மென்மையைக் கேட்பவர் குறைவு.

அக்டோபர், நவம்பர் மழையில் நம் பக்கத்துக் களிமண் தனிச் சோதனை. நெருங்கிய முளைகளுக்கிடையே களி அப்பிக்கொண்டு டயர் வழவழவென்று ஆகிவிடும். அகலமான டயர் என்றால் சேறு மிதிவண்டிச் சட்டத்துக்கும் டயருக்கும் நடுவே அடைத்துக்கொண்டு சக்கரமே சுற்றாது. அந்த மாதங்களில் அகலத்தைவிட முளைகளின் இடைவெளிக்குத்தான் மதிப்பு.

இனி காற்று. நான் பல ஆண்டுகள் இதைத் தவறாகவே செய்தேன். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, கல் போல இருந்தால் நல்லது என்று நம்பி, 40 பிஎஸ்ஐக்கு மேல் அடித்துக்கொண்டு, டயருக்குப் பிடிப்பே இல்லை என்று குறை சொன்னேன். கரடுமுரடான தரையில் இறுகிய டயர் ஒவ்வொரு கல்லுக்கும் துள்ளி மேலெழும். அந்தத் துள்ளலில் வேகமும் போகும், பிடிப்பும் போகும். காற்றைக் குறைத்தால் டயர் கல்லின்மேல் படிந்து போகும். இன்று 68 கிலோ எடையுள்ள நான், 2.4 அங்குல டியூப்லெஸ் டயரில் முன்னால் 21, பின்னால் 24 வைக்கிறேன். பின் சக்கரம்தான் அதிக எடையைச் சுமப்பதால் இந்த வேறுபாடு. உங்கள் நண்பர்களில் 90 கிலோ இருப்பவர் இதே அளவை வைத்தால் சக்கரத்தின் வளையம் கல்லில் இடிபடும்.

டியூப் போட்டுக்கொண்டு இவ்வளவு குறைக்கவும் முடியாது. டயர் கல்லில் நசுங்கும்போது உள்ளே டியூப் வளையத்தோடு இறுக்கப்பட்டு, பாம்பு கடித்ததுபோல் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். டியூப்லெஸ் போட நம் தோட்டங்களில் இதற்கும் மேலான காரணம் ஒன்று உண்டு: வெட்டிப் போட்ட செம்பனை மட்டையின் அடிப்பகுதி முள். மட்டை கழித்த மறுநாள் அந்தப் பாதையில் போய், ஒரே காலையில் மூன்று முறை ஒட்டுப் போட்டிருக்கிறேன். ஆகவே டியூப்லெஸ் வீண் செலவு என்பதையும் நான் மறுக்கிறேன்.

ஓட்டை விழுந்தால் தானே அடைத்துக்கொள்வதற்காக டியூப்லெஸ் டயருக்குள் ஊற்றும் சீலண்டு திரவங்களில் பலவற்றுக்கு அடிப்படை ரப்பர் மரத்துப் பால். 1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 ரப்பர் கன்றுகளில் ஒன்பது நம் பக்கத்துக் கோலகங்சாரில் நடப்பட்டன. அந்த மரத்தின் பாலை, அது வடியும் கிண்ணமான மங்கு மங்காகச் சேர்த்து, தோள் தடியில் தூக்கும் காண்டா வாளியில் சுமந்தவர் என் அம்மா. பால் உறைந்துவிடாமல் இருக்க அமோனியா விடுவதும், பிறகு உறையவைக்க ஃபார்மிக் அமிலம் விடுவதும் அவருக்குத் தெரிந்த வேலைகள். முள் குத்திய ஓட்டை வழியே காற்றோடு சீறி வரும் பால் அங்கேயே உறைந்து அடைத்துக்கொள்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வருகிறது. நம் வெப்பத்தில் அது சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வால்வைத் திறந்து பார்த்து மீண்டும் ஊற்றவேண்டும்.

வாங்கப் போகுமுன் உங்கள் வளையம் டியூப்லெஸ் ஏற்குமா, முன் சக்கரத்தைத் தாங்கும் கவையில் 2.4 அங்குல டயர் உரசாமல் சுற்றுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பணம் ஒரு டயருக்குத்தான் இருக்கிறதென்றால் முன் டயரை வாங்குங்கள். இப்போது முன்னால் இருப்பதில் முளை மிச்சமிருந்தால் அதைக் கழற்றிப் பின்னால் போட்டுக்கொள்ளலாம்.

அன்புடன்.