சிலப்பதிகாரத்தில் சிலம்பு எதற்குக் குறியீடு? கண்ணகி ஏன் திடீரென மாறுகிறாள்?

‘நீதியின் குறியீடு’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அது பாதி விடைதான்.

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் உயர்நிலைப் பிள்ளைகள் நாலு பேருக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். போன வாரம் இரண்டு மைலோ டின்களை மேசையில் வைத்தேன். ஒன்றில் பச்சைப்பயறு, மற்றதில் கோலிக்குண்டு. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், திறந்தால்தான் தெரியும். அரண்மனையில் நடந்ததும் அதுதான். அரசியின் சிலம்பில் முத்து, பாண்டியனின் கொற்கைக் கடல் தந்த செல்வம். கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். திறந்து பார்க்காமலே, ‘அரசியின் சிலம்பைத் திருடியவன் இவன்தான்’ என்ற பொற்கொல்லன் பேச்சை நம்பிக் கண்ணகியின் கணவன் கோவலனைக் கொல்லச் சொன்னான் அரசன்.

கண்ணகி தன் சிலம்பை உடைத்ததும் மணி எங்கே தெறிக்கிறது? ‘மன்னவன் வாய்முதல் தெறித்தது’ என்கிறார் இளங்கோ. ஆணையிட்ட அதே வாய்! இந்த இடத்தை விடைத்தாளில் விடவே விடாதீர்கள்.

கண்ணகி திடீரென மாறியதாக எனக்குத் தோன்றவில்லை. கோவலன் மாதவியிடம் போனபோது ‘அணிசிலம்பு ஒழிய’ வெறுங்காலோடு இருந்தாள். எல்லாம் தொலைத்துத் திரும்பியவனிடம், சிரித்த முகத்தோடு ‘சிலம்புள கொண்ம்’ (சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்) என்றாள். (எனக்கென்னவோ அந்தச் சிரிப்புதான் காப்பியத்திலேயே கனமான இடம்.) உள்ளே என்ன இருக்கிறது என்று அதுவரை யாரும் அவளைக் கேட்கவில்லை. மதுரையில் அவளே உடைத்துக் காட்டினாள்.