வெப்பமே நுழையாமல் என்ட்ரோபி கூடுவது எப்படி? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். என்ட்ரோபி மாற்றம் என்பது வெப்பத்தை வெப்பநிலையால் வகுத்தால் வருவது என்று படித்தேன். நீராவியை விரியவிட்டு வேலை எடுக்கும் டர்பைன் கணக்கிலோ, வெப்பம் உள்ளேயும் வரவில்லை, வெளியேயும் போகவில்லை என்று சொல்லிவிட்டு என்ட்ரோபி கூடியது என்கிறார்கள். சுழியை எதால் வகுத்தாலும் சுழிதானே? நீராவியைக் குளிர்வித்து நீராக்கும் கண்டன்சரில் அதன் என்ட்ரோபி குறைகிறது. அது வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதிக்கு எதிரானது இல்லையா? ‘ஒழுங்கின்மை’ என்ற விளக்கத்தை வைத்துக்கொண்டு ஒரு கணக்கும் போட முடியவில்லை. அட்டவணை பார்த்து விடை எழுதிவிடுகிறேன், என்ன செய்கிறேன் என்றுதான் புரியவில்லை.

– ஒரு மாணவர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் எழுதியிருக்கும் வரையறையில் ஒரு சொல் விடுபட்டிருக்கிறது. வெப்பத்தை வெப்பநிலையால் வகுக்கலாம் என்பது, சுற்றுப்புறத்தில் எந்தத் தடயமும் விடாமல் திருப்பி நடத்தக்கூடிய மீள் நிகழ்வுக்கு மட்டுமே பொருந்தும். 1865இல் இயற்பியலாளர் கிளாசியஸ் இந்த அளவுக்குப் பெயர் வைத்தபோதே அந்த நிபந்தனை அதில் இருந்தது. நடந்தது மீளா நிகழ்வு என்றால், அது நடந்த பாதையை விட்டுவிட வேண்டும். தொடக்க நிலையையும் முடிவு நிலையையும் இணைக்கும் ஏதாவது ஒரு மீள் பாதையைக் கற்பனை செய்து, அதன் வழியே கணக்கிட வேண்டும். என்ட்ரோபி நிலையைச் சார்ந்தது, பாதையைச் சார்ந்தது அல்ல என்பதால் இப்படிச் செய்யலாம்.

ஒரு வால்வை எடுத்துக்கொள்வோம். 10 பார் அழுத்தமும் 300 கெல்வின் வெப்பநிலையும் கொண்ட காற்று, வெப்பக்காப்பிட்ட வால்வு வழியாக 1 பாருக்கு இறங்குகிறது. வெப்பம் இல்லை, வேலை இல்லை, வெப்பநிலையும் ஏறத்தாழ மாறவில்லை. இதே இரண்டு நிலைகளை மீள் பாதையில் இணைக்க வேண்டுமானால், வெப்பநிலை மாறாமல் மெல்ல விரிய விட வேண்டும். அப்போது ஒரு கிலோகிராம் காற்று சுமார் 198 கிலோஜூல் வெப்பத்தை வாங்கி, அதே 198 கிலோஜூல் வேலையைத் தரும். 198ஐ 300ஆல் வகுத்தால் கெல்வினுக்கு 0.66 கிலோஜூல். வால்விலும் என்ட்ரோபி அதே 0.66 கூடியிருக்கிறது. ஆனால் அந்த 198 கிலோஜூல் வேலை யாருக்கும் கிடைக்கவில்லை. பொறியாளருக்கு என்ட்ரோபி சொல்லும் முக்கியமான செய்தி இதுதான்: உள்ளே உருவான என்ட்ரோபியைச் சுற்றுப்புற வெப்பநிலையால் பெருக்கினால், கிடைத்திருக்க வேண்டிய வேலையில் எவ்வளவு வீணானது என்று தெரிந்துவிடும்.

இனி வரவு செலவுக் கணக்காகவே இதைப் போடுங்கள். வெப்பத்தோடு வந்தது, பொருளோடு வந்தது, வெளியே போனது. ஆற்றல் கணக்கு இதோடு முடிந்துவிடும். என்ட்ரோபிக்கு மட்டும் ‘உள்ளே உருவானது’ என்று இன்னொரு வரி உண்டு. இரண்டாம் விதி சொல்வதெல்லாம், அந்த ஒரு வரி ஒருபோதும் எதிர்க்குறியாகாது என்பதைத்தான். கண்டன்சரில் நீராவி 319 கெல்வினில் 2000 கிலோஜூல் வெப்பத்தை விடுகிறது. அது இழக்கும் என்ட்ரோபி கெல்வினுக்கு 6.27 கிலோஜூல். குளிர்விக்கும் நீர் சராசரியாக 300 கெல்வினில் அதே வெப்பத்தை வாங்குகிறது; அது பெறுவது 6.67. உருவானது 0.40. நீராவியின் என்ட்ரோபி தாராளமாகக் குறையலாம், விதி அதைத் தடுக்கவே இல்லை.

இப்போது உங்கள் டர்பைனுக்கு வருவோம். 3 மெகாபாஸ்கல், 350 டிகிரி செல்சியஸில் நீராவி நுழைந்து, 10 கிலோபாஸ்கலில் வெளியேறுகிறது. நுழையும் இடத்தில் அட்டவணை தருவது: என்தால்பி (ஓடும் நீராவி சுமந்துவரும் ஆற்றல்) கிலோகிராமுக்கு 3116 கிலோஜூல், என்ட்ரோபி கிலோகிராமுக்கு, கெல்வினுக்கு 6.745 கிலோஜூல். உராய்வே இல்லாத டர்பைன் என்றால் வெளியேறும்போதும் என்ட்ரோபி 6.745தான். 10 கிலோபாஸ்கலில் தெவிட்டிய நீருக்கு (கொதிநிலையில் இருக்கும் நீர்) 0.649, தெவிட்டிய ஆவிக்கு (அதே வெப்பநிலையில் முழுதும் ஆவியானது) 8.149. நம் எண் இடையில் விழுவதால் வருவது ஈர நீராவி. உலர்வுப் பின்னம், அதாவது நிறையில் ஆவியின் பங்கு, 0.813; என்தால்பி 2136. கிலோகிராமுக்கு 980 கிலோஜூல் வேலை.

ஐசென்ட்ரோபிக் பயனுறுதிறன், அதாவது உராய்வற்ற டர்பைன் தரும் வேலையில் உண்மையில் கிடைக்கும் பங்கு, 85 சதவீதம் என்றால் கிடைப்பது 833தான். வெளியேறும் என்தால்பி 2283 ஆகிறது, உலர்வுப் பின்னம் 0.874, என்ட்ரோபி 7.206. வெப்பம் எதுவும் நுழையாமலே 0.461 உருவாகியிருக்கிறது. உராய்வும் நீராவி ஓட்டத்தின் சுழல்களும் வேலையாக வேண்டியதை நீராவிக்குள்ளேயே வெப்பமாக்கிவிட்டன.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. டர்பைன் இழந்தது 147 கிலோஜூல். 0.461ஐச் சுற்றுப்புறத்தின் 300 கெல்வினால் பெருக்கினால் 138தான் வரும். மிச்சம் 9 எங்கே? வெளியேறும் நீராவி சுற்றுப்புறத்தைவிடச் சூடாக 319 கெல்வினில் இருக்கிறது. கூடுதலாக அதில் தங்கிய வெப்பத்திலிருந்து கோட்பாட்டளவில் அந்த 9ஐ இன்னும் எடுக்கலாம். 0.461ஐ 319ஆல் பெருக்கிப் பாருங்கள், 147 வந்துவிடும்.

வழக்கமாகத் தவறு நடக்கும் இடங்கள் சில உண்டு. செல்சியஸால் வகுப்பது அவற்றில் எளிதில் கண்ணில் படுவது. வெப்பக்காப்பு இருந்தாலே ஐசென்ட்ரோபிக் (என்ட்ரோபி மாறாதது) என்று எடுத்துக்கொள்வது அதைவிட மோசம். வெப்பப் பரிமாற்றமின்மையும் மீள்தன்மையும் சேர்ந்திருந்தால்தான் அப்படிச் சொல்லலாம். ஈர நீராவியில் அழுத்தமும் வெப்பநிலையும் ஒன்றையொன்று தீர்மானிப்பவை, ஆகவே அவ்விரண்டை மட்டும் அளந்து நிலையைக் கண்டுபிடிக்க முடியாது; ஆற்றல் கணக்கிலிருந்து என்தால்பியை எடுத்து வர வேண்டும். வெவ்வேறு அட்டவணைகளுக்குச் சுழிப்புள்ளி வேறாக இருக்கலாம் என்பதால் தொடக்க மதிப்பை ஒன்றிலும் முடிவு மதிப்பை இன்னொன்றிலும் பார்க்காதீர்கள். நன்றாக வெப்பக்காப்பிட்ட, சீராக ஓடும் டர்பைனில் என்ட்ரோபி குறைந்ததாக விடை வந்தால், அளவீட்டிலோ கணக்கிலோ பிழை இருக்கிறது. வேறு விளக்கம் தேட வேண்டாம்.

‘ஒழுங்கின்மை’ பற்றி: மூலக்கூறுகள் எத்தனை விதமாக அமையலாம் என்று எண்ணும் இயற்பியலாளர் போல்ட்ஸ்மானின் வழி முற்றிலும் சரியானது. அதைக் கண்ணால் பார்க்கும் ஒழுங்கோடு குழப்பிக்கொள்வதில்தான் சிக்கல். கணக்குப் போடும்போது அந்தச் சொல்லைத் தள்ளி வையுங்கள்.

அடுத்து ஒரு முழு ரான்கின் சுழற்சியை (கொதிகலன், டர்பைன், கண்டன்சர், பம்பு சேர்ந்தது) எடுத்து, ஒவ்வொரு பாகத்திலும் எவ்வளவு என்ட்ரோபி உருவாகிறது என்று தனித்தனியாகக் கண்டுபிடியுங்கள். ஆற்றல் கணக்கை மட்டும் பார்த்தால் பெரும் இழப்பு கண்டன்சரில்தான் என்று தோன்றும். மேலே பார்த்த 2000 கிலோஜூலில் உண்மையில் வீணான வேலை சுமார் 120 கிலோஜூல். கொதிகலனில் சராசரியாக 1500 கெல்வினில் இருக்கும் புகைவாயு, சராசரியாக 500 கெல்வினில் இருக்கும் நீருக்கு வெறும் 1000 கிலோஜூல் கொடுத்தாலே, உருவாகும் என்ட்ரோபி 1.33, வீணான வேலை 400 கிலோஜூல். ஒரு துளி வெப்பம்கூட வெளியே கசியாமல் இவ்வளவு போகிறது. கொதிகலன் அழுத்தத்தை உயர்த்துவதும், நீராவியை மேலும் சூடேற்றுவதும், ஊட்டுநீரை முன்கூட்டியே சூடாக்குவதும் அந்த 500 கெல்வினை மேலே தள்ளத்தான்.