எச்சம் என்றால் மிச்சமா?

மண்டபம் வாசகி: பெயரெச்சம், வினையெச்சம் என்று சொல்லித் தந்தால் என் மகன் சிரிக்கிறான். கரையில் கிடக்கும் வல்லத்தில் காக்கை போட்டு வைப்பதும் எச்சம்தானே என்கிறான். இரண்டும் ஒன்றா?

பிள்ளையின் சிரிப்பில் குற்றமில்லை, பிறப்பு ஒன்றுதான். அஞ்சுவது அச்சம், மிஞ்சுவது மிச்சம், அதே வழியில் எஞ்சுவது எச்சம். தின்றது போக எஞ்சியதைப் பறவை கழிக்கிறது. ஒருவர் போன பின் எஞ்சி நிற்கும் மக்களும் எச்சமே. 'தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப்படும்' என்ற குறளுக்குப் பரிமேலழகர் கொண்ட பொருள் அதுதான்.

இலக்கணத்தில் எஞ்சுவது சொல். 'வலையை இழுத்து' என்று நிறுத்திவிட்டால், கேட்பவர் "இழுத்து?" என்பார். ஒரு வினை பாக்கி, ஆகவே வினையெச்சம். 'கரையேறிய' என்று நிறுத்தினால் ஏறியது ஆளா, நண்டா, ஆமையா? பெயர் பாக்கி, ஆகவே பெயரெச்சம். இவ்வளவு எளிய செய்தியைச் சொல்லாமல் 'முற்றுப்பெறாத வினை' என்று மனப்பாடம் செய்யவைப்பதில்தான் எனக்கு எரிச்சல். தொல்காப்பியத்தில் சொல்லதிகாரத்தின் கடைசி இயலுக்கே எச்சவியல் என்று பெயர். பிரிநிலை தொடங்கி இசை வரை பத்து எச்சங்கள் அதில் எண்ணப்படுகின்றன.

தொண்டி வாசகர்: எழுவாயில் 'வாய்' எப்படி வந்தது? பேசுவதாலா?

பேச்சுக்கும் அதற்கும் தொடர்பில்லை. வாய் என்றால் இடம். ஏழாம் வேற்றுமை உருபுகளில் நன்னூல் அதையும் சேர்த்திருக்கிறது. எழுமிடம், அதாவது தொடக்கம். இதன் எதிர்ச்சொல் இறுவாய். முதல் வேற்றுமையைத் தொல்காப்பியம் 'எழுவாய் வேற்றுமை' என்கிறது. செய்பவரே எழுவாய் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று: 'சூடை மீன் பிடிக்கப்பட்டது' என்பதில் எழுவாய் மீன்தான், பாவம், அது எதையும் செய்யவில்லை.

கீழக்கரை மாணவி: 'பாம்பன் இன்று கடலுக்குப் போகவில்லை.' ஆகுபெயரா?

ஆம், இடவாகுபெயர். ஊரின் பெயர் ஊராருக்கு ஆகிவந்திருக்கிறது. ஆனால் பஸ்ஸில் கண்டக்டர் 'பாம்பன் வந்துவிட்டது' என்றால் அது ஊரையேதான் குறிக்கிறது; ஆகுபெயர் ஆகாது.

ராமநாதபுரம் வாசகர்: நம் ஊரின் பெயருக்கு முன் 'இ' போடுவது பிழையா?

இல்லை. ரகரம் தமிழ்ச்சொல்லுக்கு முதலாகாது. வடசொல்லைத் தமிழில் எழுதும்போது அதன் முன் அ, இ, உ வரலாம் என்பது நன்னூல் விதி: அரங்கம், இராமன், உரோமம். இப்போது அச்சில் இரு வடிவமும் புழங்குகிறது. ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.