சித்தப்பாவின் சென்னைக் கார் திருகோணமலைக்கு வருமா?

உவர்மலையிலிருந்து ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார்: "என் சித்தப்பா சென்னை மடிப்பாக்கத்தில் இருக்கிறார். பிள்ளைகளோடு கனடாவுக்குப் போகப்போகிறார். தன்னுடைய பெற்றோல் வேகன் ஆர் காரை எனக்கே தருவதாகச் சொல்கிறார். 2024 பெப்ரவரியில் பதிவு செய்தது, 22,000 கிலோமீற்றர் ஓடியிருக்கிறது. இங்கே ஒரு தரகர் எல்லாவற்றையும் தானே முடித்துத் தருகிறாராம், மூன்று லட்சம் ரூபாய் முற்பணம் கேட்கிறார். கொண்டுவரலாமா? இல்லை, வேறு கார் பார்க்கட்டுமா?"

டீச்சர், முதலில் அந்த மூன்று லட்சம். கொடுக்காதீர்கள். காரின் ஒரு தாளைக்கூடப் பார்க்காமல் முற்பணம் கேட்கிறவரிடம் காசு போனால் திரும்பி வராது. அவரைப் பற்றி இன்னும் சொல்ல இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில் இதுதான்: சட்டத்தில் வழி உண்டு, ஆனால் உங்களுக்கு இலாபம் இல்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் கொண்டுவர மாட்டேன்.

2020 மார்ச்சில் நின்றுபோன கார் இறக்குமதி 2025 பெப்ரவரி 1 முதல் மறுபடி திறந்தது. பாவித்த கார் என்றால் மூன்று வயதுக்குள் இருக்கவேண்டும். அந்த வயதை எங்கிருந்து எண்ணுவது என்பதில்தான் ஆட்கள் விழுகிறார்கள். நீங்கள் பதிவுத் திகதியை எழுதியிருக்கிறீர்கள், தரகரும் அதைத்தான் எண்ணியிருப்பார். உண்மையில் கணக்கு தொடங்குவது கார் செய்யப்பட்ட திகதியில். முடிவது கப்பலில் ஏற்றியதற்கான பில் ஒஃப் லேடிங் போட்ட திகதியில். சித்தப்பாவிடம் காரின் பதிவுச் சான்றான ஆர்.சி. அட்டையின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் பதிவுத் திகதியைத் தவிர உற்பத்தி மாதமும் வருடமும் தனியாக இருக்கும். வருடக் கடைசியில் செய்த கார்கள் விற்பனையாளரின் முற்றத்தில் நின்று, அடுத்த வருடம் விலைக்கழிவோடு போவது வழமை. ஆகவே அந்த அட்டையில் 11/2023 என்று இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். அப்படியானால் உங்கள் கெடு 2026 நவம்பர். 2027 பெப்ரவரி என்று யார் சொன்னாலும் அந்த மூன்று மாதம் உங்களுக்கு இல்லை. பிந்தி ஏற்றிய காரைச் சுங்கம் விடாது, துறைமுகத்தில் நிற்கிற ஒவ்வொரு நாளுக்கும் வாடகையும் ஏறும்.

அதே அட்டையில் இன்னொரு இலக்கத்தையும் பாருங்கள்: கியூபிக் கப்பாசிட்டி, அதாவது என்ஜினின் கொள்ளளவு. இந்தியாவில் வேகன் ஆர் இரண்டு பெற்றோல் என்ஜின்களில் வருகிறது. ஒன்று 998 சிசி, மற்றது 1197 சிசி. வெளியிலிருந்து பார்த்தால் உடல் ஒன்று, பின்கதவில் பெயரும் ஒன்று. நம் உற்பத்தி வரி இந்தக் கொள்ளளவைப் பார்த்துத்தான் போடப்படுகிறது, ஆயிரம் சிசியைத் தாண்டினால் வேறு படி. சித்தப்பா பெரிய என்ஜினை விரும்பி எடுத்திருந்தால், அங்கே கொஞ்சக் காசு வித்தியாசம். இங்கே அது வேறு கணக்கு.

இந்த இடத்தை நன்றாக விளங்கிக்கொள்ளுங்கள். என்ஜினைப் பார்த்துப் போடுகிற வரி காரின் பழமையைப் பார்க்காது. சித்தப்பா இலவசமாகவே தந்தாலும் அந்த வரியில் ஒரு ரூபாயும் குறையாது. மற்ற வரிகளுக்கும் "இது பரிசு, விலை இல்லை" என்று எழுதிக் கொடுத்துத் தப்ப முடியாது. சுங்கமே ஒரு பெறுமதி வைக்கும். இவை எல்லாவற்றையும் கூட்டி, அதன் மேல் 18 சதவீத வற். அதாவது நீங்கள் செலவழிக்கப்போவதில் பெரிய பங்கு காரின் விலை அல்ல, வரி. பழைய கார் என்பதால் மிச்சம் பிடிக்கலாம் என்று நினைக்கிற இடத்தில் மிச்சம் மிகக் கொஞ்சம்.

இதோடு சித்தப்பா 2024 இல் வாங்கியபோது இந்தியாவில் சிறிய பெற்றோல் காருக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதம், அதன்மேல் 1 சதவீத செஸ், தமிழ்நாட்டுச் சாலை வரி வேறு. 2025 செப்ரெம்பர் 22 இல் அந்த ஜி.எஸ்.டி. 18 சதவீதமாக இறங்கிவிட்டது. தொழிற்சாலையிலிருந்து நேரே ஏற்றுமதியாகிற புதுக் காருக்கு இந்த உள்நாட்டு வரிச் சுமை இல்லை. ஒருவர் பாவித்த கார் அதையெல்லாம் சுமந்துகொண்டுதான் கப்பலேறும். ஒரே காருக்கு இரண்டு அரசாங்கத்துக்கும் கட்டுகிறீர்கள்.

நாகபட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலில் காரை ஏற்றலாமா என்று பலர் கேட்கிறார்கள். அது பயணிகள் கப்பல், கார் ஏற்றாது. நம் திருகோணமலைத் துறைமுகத்துக்கு நேரே வருமா என்றால், அதுவும் இல்லை. உலகமே புகழ்கிற இயற்கைத் துறைமுகத்தை வைத்துக்கொண்டு மாவுக்குக் கோதுமை, சீமெந்துக்குக் கிளிங்கர், சீனக்குடாவுக்கு எண்ணெய் என்று இறக்குகிறோம். காரென்றால் கொழும்பு, அல்லது அம்பாந்தோட்டை. சுங்க வேலையை முடித்துத் தருகிற வார்ஃப் கிளார்க் அங்கே, முதற்பதிவு கொழும்பு நாரஹேன்பிட்டி மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தில். பள்ளிக்கூடத்தில் லீவு போட்டு, இரவு பஸ்ஸில் போய், விடிய வரிசையில் நின்று, "இந்தத் தாள் போதாது" என்ற வார்த்தையை உங்களுக்குச் சரியாகப் புரியாத மொழியில் கேட்டுவிட்டுத் திரும்பி வருவீர்கள். அதுதான் தரகர்களுக்குச் சோறு போடுகிறது. மாவட்டத் தலைநகரில் ஒரு மேசையில், தமிழில், முடித்துக் கொடுக்கக்கூடிய வேலை. இத்தனை வருடமாகியும் அது நடக்கவில்லை என்பதில் எனக்குக் கோபம் உண்டு.

இனி அந்தத் தரகர். தனிநபர் ஒருவர் பன்னிரண்டு மாதத்தில் ஒரு வாகனம்தான் இறக்கலாம் என்று விதி இருக்கிறது. அதனால் சிலருக்கு உங்கள் காசைவிட உங்கள் பெயர் பெறுமதி. அடையாள அட்டைப் பிரதி, வருமானவரி டின் இலக்கம், நாலு வெற்றுத் தாளில் கையெழுத்து. இவ்வளவும் போனால் உங்கள் பெயரில் யாரோ ஒருவருடைய கார் இறங்கும். நாளைக்கு இறைவரித் திணைக்களம் "இவ்வளவு காசு எங்கிருந்து வந்தது?" என்று உங்களைத்தான் கேட்கும். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடவே கூடாது.

"இன்வொய்ஸில் விலையைக் குறைத்துப் போடுவோம், மிச்சத்தை வங்கிக்கு வெளியே உண்டியலில் அனுப்புவோம்" என்பார்கள். காருக்கான காசு வங்கியில் உங்கள் பெயரில் திறந்த எல்.சி. என்கிற நாணயக் கடிதத்தின் வழியாகப் போகவேண்டும். உண்டியலில் போன காசுக்குத் தாள் இல்லை, தாள் இல்லாத காசுக்கு நீதிமன்றத்தில் பேச்சு இல்லை. அந்தப் பக்கமும் பாருங்கள்: இந்தியாவிலிருந்து வியாபார முறையில் ஏற்றுமதி செய்கிறவருக்கு ஐ.இ.சி. என்கிற ஏற்றுமதி-இறக்குமதிப் பதிவு இலக்கம் வேண்டும். சித்தப்பாவிடம் அது இருக்காது. ஆகவே அங்கும் ஒரு ஏற்றுமதியாளர் நடுவில் வருவார். இரண்டு கரையிலும் தரகு.

இன்னொரு கதை உங்கள் காதுக்கு வந்தே தீரும், ஏனென்றால் இந்த வருடம் மட்டும் மூன்று பேர் என்னிடம் அதைச் சொல்லிக் கேட்டார்கள். "கார்னே போட்டுக் கொண்டுவந்தால் வரியே இல்லை." கார்னே என்று ஒன்று உண்மையில் இருக்கிறது. வெளிநாட்டவர் ஒருவர் தன் வாகனத்தோடு சுற்றிப்பார்க்க வரும்போது, திருப்பிக் கொண்டுபோவேன் என்ற உத்தரவாதத்தோடு தற்காலிகமாக உள்ளே விடுகிற புத்தகம் அது. உள்ளே வரும்போது ஒரு முத்திரை, வெளியே போகும்போது ஒரு முத்திரை. இரண்டாவது முத்திரை விழாவிட்டால் முழு வரியும் உத்தரவாதம் கொடுத்தவர் தலையில். அந்தக் காரை இங்கே விற்க முடியாது, இங்கே பதிய முடியாது, பதியாத காருக்கு நம் இலக்கத் தகடு கிடைக்காது. சித்தப்பா கார்னேயில் கொண்டுவந்து விட்டுவிட்டு விமானத்தில் கனடா போனால், சிக்குவது அவரும் நீங்களும். அவர் காரோடு வந்து, கோணேசரைக் கும்பிட்டு, நிலாவெளியில் குளித்து, காரோடே திரும்பிப் போகிறார் என்றால் மட்டும் அது சரி. வேறு எதற்கும் அல்ல.

இவ்வளவுக்குப் பிறகும் அந்தக் கார்தான் வேண்டும் என்றால், ஒரு விஷயம் என் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. மடிப்பாக்கம். 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயலில் தென்சென்னை நீரில் நின்றது. உங்கள் கார் அப்போது சித்தப்பாவிடம் இல்லை, சரி. ஆனால் நவம்பரில் செய்த கார் என்றால் டிசம்பரில் எந்த முற்றத்தில் நின்றது? அதற்குப் பிறகு வந்த மழைகளில் அவர் வீட்டுக் கீழ்த்தளத்தில் தண்ணீர் ஏறியதா? வெட்கப்படாமல் கேளுங்கள்.

கேட்டுவிட்டு ஒரு வீடியோவும் எடுக்கச் சொல்லுங்கள். ஓட்டுநர் சீட் பெல்ட்டை மெதுவாக, இனி வராது என்கிற அளவுக்கு, முழுதாக இழுக்கவேண்டும். சில வருடங்களுக்கு முன் நண்பர் ஒருவருக்காகக் கார் பார்க்கப் போனேன். மினுங்குகிற கார், மல்லிகை வாசனை. பெல்ட்டின் முதல் இரண்டு அடி புதுசு. இழுக்க இழுக்க ஓர் இடத்தில் நிறம் மாறியது. கோடு போட்டதுபோல் ஒரு பழுப்புக் கறை, அதற்குக் கீழே விரலில் ஒட்டுகிற மெல்லிய சேற்றுப் பொடி. சீற்றைக் கழுவுகிறார்கள், காப்பெற்றை மாற்றுகிறார்கள். சுருளுக்குள் இருக்கிற பெல்ட்டை யாரும் கழுவுவதில்லை. அப்புறம் சீற்றைப் பின்னுக்குத் தள்ளி, தண்டவாள ஆணிகளில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பெயார் ரயரைத் தூக்கிக் கீழேயும் பாருங்கள். வெள்ளத்தில் நின்ற கார் முதல் மாதம் நன்றாக ஓடும். வயர் முனைகள் பச்சை பிடிக்க ஆறு மாதம் எடுக்கும். அதற்குள் காசு கைமாறிவிடும்.

கிலோமீற்றரைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். சேவிஸ் பதிவுகளை முகவரின் கராஜிலிருந்தே கேட்டு வாங்கலாம். ஆர்.சி.யில் வங்கிக் கடன் குறித்திருந்தால் அது நீக்கப்பட்டதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, வேறு எந்தக் கார்? பள்ளிக்கூடம், சந்தை, மாதம் ஒருமுறை மட்டக்களப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்கு ஏற்கெனவே இலங்கையில் பதிவான இந்திய வேகன் ஆர் அல்லது செலேரியோ, 998 சிசி, போதும். அதன் வரியை முன்னமே ஒருவர் கட்டிவிட்டார். உதிரிப்பாகம் நகரத்துக் கடைகளிலேயே கிடைக்கும், 92 ஒக்ரேன் பெற்றோலில் குறையில்லாமல் ஓடும். ஜப்பான் 660 சிசி கார்தான் வேண்டும் என்றால், ஜப்பான் ஏலத்தில் காரின் நிலையைக் குறித்த ஏலத்தாளின் பிரதியை விற்பவரிடம் வாங்காமல், சேசி இலக்கத்தை வைத்து நீங்களே தனியாக எடுத்துப் பாருங்கள். நிலாவெளிப் பக்கம் கடற்கரையோரமாக நின்ற கார் என்றால் அடித்தகட்டை ஜக்கில் ஏற்றிப் பார்க்காமல் விலை பேசாதீர்கள். உப்புக் காற்று கதவின் கீழ்மடிப்பிலிருந்துதான் தின்னத் தொடங்கும்.

இங்கே வாங்கினாலும் அந்த பெல்ட் வேலையை விடாதீர்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மூதூர்ப் பக்கமும் வெருகல் பக்கமும் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பது உங்களுக்குத் தெரியும். அந்தத் தண்ணீரில் நின்ற கார்களும் இப்போது விலைக்கு வருகின்றன. காரின் பதிவுப் புத்தகத்தில் லீசிங் கொம்பனியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். உங்களிடம் டின் இலக்கம் இல்லையென்றால் அதை இப்போதே எடுத்து வையுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து கார் பெயர் மாற்றவும் அது கேட்கப்படுகிறது, கார் பார்த்தபின் ஓடினால் இரண்டு வாரம் வீணாகும்.