மூன்று தலைமுறைக்கும் ஒரே பல் சலுகையா?

கேள்வி: வீட்டில் ஆறு வயது மகள், நாற்பதைத் தொட்ட நான், எழுபதைக் கடந்த அப்பா. பல் சுத்தமும் வெண்மையாக்கலும் அடங்கிய குடும்பச் சலுகை ஒன்று வந்திருக்கிறது. வாங்கலாமா? மகளின் கடைவாய்ப் பல்லில் சொத்தை இருக்கிறது. விழப்போகும் பல்தானே என்று விட்டுவிட்டோம்.

பதில்: வாங்க வேண்டாம். உங்கள் மூவருக்கும் முதலில் தேவைப்படுபவை அந்தச் சலுகையில் இல்லை.

மகளைத்தான் முதலில் அழைத்துச் செல்ல வேண்டும். கடைவாய்ப் பால் பற்கள் விழுவதற்குப் பத்து முதல் பன்னிரண்டு வயது வரை ஆகலாம். இத்தனை ஆண்டுகள் அந்தக் குழந்தை எதை வைத்து மெல்லும்? சொத்தை ஆழமானால் வலியும் சீழும் வரும். பல்லை முன்கூட்டியே எடுத்தால் பக்கத்துப் பல் சாய்ந்து, புதுப் பல்லின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆறு வயதையொட்டிப் பால் பல் வரிசைக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே, ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். அது நிலையான பல். பால் பல் என்று எண்ணிப் பெற்றோர் கோட்டைவிடுவது இங்கேதான். அதன் பள்ளங்களில் சொத்தை வராமல் தடுக்க ‘சீலன்ட்’ பூச்சு உண்டு. மகளுக்கு வேண்டுமா என்று பல் மருத்துவரிடம் கேளுங்கள். ஃப்ளூரைடு பற்பசை பட்டாணி அளவு போதும். உறையில் ஃப்ளூரைடின் அளவு குறைந்தது 1000 பிபிஎம் (ppm, பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) என்று இருக்கிறதா பாருங்கள். கார்ட்டூன் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள்.

உங்களுக்கு ஈறில் ரத்தம் கசிகிறதா, பல்லில் காரை (கெட்டிப்பட்ட அழுக்கு) படிந்திருக்கிறதா என்பதே கேள்வி. இருந்தால் சுத்தம் செய்துகொள்ளுங்கள். அதனால் பல் தேயாது. காரை அடைத்திருந்த இடைவெளிதான் பிறகு தெரிகிறது. வெண்மையாக்கல் அழகுக்கானது. பல் கூச்சம் இருந்தால் அதை அதிகமாக்கலாம்.

அப்பாவின் நிலை வேறு. வயதில் ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும். அங்கே சொத்தை எளிதில் பிடிக்கும். ரத்த அழுத்தம், மனச்சோர்வு, ஒவ்வாமைக்கான மாத்திரைகள் சிலவற்றால் எச்சில் வற்றுவதும் அதற்குக் காரணமாகிறது. அவர் உண்ணும் எல்லா மாத்திரைகளின் பட்டியலையும் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவராக இருந்தால், பல் பிடுங்குவதற்காக அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பல் செட் அணிபவரானால், இரவில் கழற்றிவைக்கச் சொல்லுங்கள். தாடை எலும்பு தேயத் தேய செட் தளரும், புண்ணாக்கும். வயதானால் இப்படித்தான் என்று அவர் பொறுத்துக்கொண்டிருக்கக்கூடும், நீங்களே கேளுங்கள்.

பணம் கட்டுமுன், எந்தப் பல்லுக்கு என்ன சிகிச்சை, ஏன், மாற்று வழி உண்டா, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று ஆளுக்குத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.