வீட்டுக் கடன்: வட்டி, உறுதி, மண்சரிவு

ஹட்டன் வாசகர்: 50 இலட்சம் ரூபா, 15 வருடக் கடன். ஒரு வங்கி முதல் 5 வருடத்துக்கு மாறாத வட்டி என்கிறது. இன்னொன்று அதைவிடக் குறைவு, ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறுமாம். எதை எடுக்கலாம்?

மாதச் சம்பளத்தை நம்பியிருப்பவருக்கு மாறாத வட்டிதான் நல்லது. கணக்கைப் பாருங்கள். 12 சதவீதத்தில் உங்கள் தவணை ஏறக்குறைய 60,000 ரூபா. முதல் மாதம் அதில் 50,000 வட்டிக்கே போய்விடும். வட்டி 20 சதவீதமானால் தவணை 87,800ஐத் தொடும். "தவணையைக் கூட்டமாட்டோம், காலத்தை நீட்டித் தருகிறோம்" என்று வங்கி சொன்னாலும் நிம்மதியடைய வேண்டாம். 14.4 சதவீதத்திலேயே 50 இலட்சத்துக்கு மாத வட்டி மட்டும் 60,000 ஆகிவிடும். அதற்கு மேல் போனால் கட்டக் கட்டக் கடன் வளரும், காலத்தை எவ்வளவு நீட்டினாலும் தீராது.

நடக்காத விஷயம் அல்ல. மத்திய வங்கி வாராவாரம் வெளியிடும் ஏ.டபிள்யூ.பி.ஆர். வீதம் (வங்கிகள் தங்கள் முதல்தர வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கும் கடன்களின் சராசரி வட்டி) 2021 முடிவில் 9 சதவீதத்துக்கும் கீழே இருந்தது. 2022 முடிவில் 27ஐத் தாண்டியது.

மாறாத வட்டியும் 5 வருடத்தோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு என்ன என்பதைக் கடன் அனுமதிக் கடிதத்தில் தேடுங்கள்: ஏ.டபிள்யூ.பி.ஆருக்கு மேல் எத்தனை சதவீதம், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாறும், மேல் எல்லை உண்டா. "இதற்குக் கீழே குறையாது" என்று ஓர் எல்லை போட்டுவிட்டு, மேல் எல்லையைப் பற்றி ஒரு வரியும் இல்லாத கடிதம் என்றால் கையெழுத்துக்கு முன் பேரம் பேசுங்கள். மேலாளர் வாயால் சொன்னது செல்லாது.

பண்டாரவளை: 15 வருடமா, 20 வருடமா?

அதே 50 இலட்சம், அதே 12 சதவீதம் என்றால் 20 வருடத்தில் தவணை மாதம் 5,000 ரூபா அளவில்தான் குறையும். மொத்தமாகக் கட்டுவதோ 24 இலட்சம் கூடும். முடிந்தால் 15.

நுவரெலியா: இன்னும் 40 இலட்சம் பாக்கி, 10 வருடம் இருக்கிறது. 13.5 சதவீதம் கட்டுகிறேன். வேறு வங்கி 11.5க்குத் தருவதாகச் சொல்கிறது. மாறலாமா?

தவணை 60,900இலிருந்து 56,200 ஆகும். மாதம் 4,700 மிச்சம். ஆனால் பழைய வங்கியின் முன்கூட்டித் தீர்க்கும் கட்டணம், ஈட்டை (அடமானத்தை) விடுவிக்கும் செலவு, புதிய ஈட்டு உறுதிக்கு நொத்தாரிசு கட்டணம், முத்திரை வரி, மதிப்பீட்டுக் கட்டணம் எல்லாம் சேரும். அவை 2 இலட்சம் என்றால் மூன்றரை வருடம் போன பிறகுதான் இலாபம். அதற்குள் புதிய வங்கியின் 11.5 மாறிவிடும் என்றால் மாறுவதில் பொருளில்லை. முதலில் புதிய வங்கியின் கடிதத்தை உங்கள் வங்கியிடம் காட்டிக் குறைக்கச் சொல்லுங்கள். ஒழுங்காகக் கட்டும் வாடிக்கையாளரை இழக்க எந்த வங்கிக்கும் மனம் வராது.

மஸ்கெலியா: தோட்டத்தில் இருக்கிறோம். துரை (தோட்ட முகாமையாளர்) கொடுத்த கடிதத்தை வைத்து வீட்டுக் கடன் கிடைக்குமா?

ஈட்டுக் கடன் கிடைக்காது. பெருந்தோட்டக் காணி பெரும்பாலும் அரசுடையது. 1992இல் கம்பனிகளுக்கு வந்தது நிர்வாகமும் குத்தகையும்தான். தனக்குச் சொந்தமில்லாததைத் துரை எப்படி எழுதிக் கொடுப்பார்? வீட்டுத் திட்டத்தில் 7 பேர்ச் காணிக்கு உறுதிப் பத்திரம் கிடைத்தவர்கள், அது காணிப் பதிவகத்தில் பதியப்பட்டதா, ஈடு வைக்கத் தடை எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

தோட்டத்துக்கு வெளியே காணி வாங்குவதானால் ஊழியர் சேமலாப நிதி ஒரு வழி. 10 வருடச் சேவையும் கணக்கில் குறைந்தது 3 இலட்சமும் இருந்தால், வீட்டுத் தேவைக்கு மீதியில் 30 சதவீதம் வரை, அதிகபட்சம் 20 இலட்சம் எடுக்கலாம். தொழில் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். காணிப் பத்திரங்கள் அங்கும் கேட்பார்கள். வட்டி இல்லை என்றாலும் ஓய்வுகாலப் பணம் குறையும் என்பதை வீட்டில் பேசி முடிவெடுங்கள்.

ஹப்புத்தளை: சரிவான 15 பேர்ச் காணி. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் கடிதம் இல்லாமல் கடன் இல்லை என்கிறார்கள்.

வங்கி வீம்புக்குக் கேட்கவில்லை. மண்சரிவு அபாய மாவட்டங்களில் பிரதேச சபை வீட்டு வரைபடத்தை அனுமதிக்கவே அது வேண்டும். ஆகவே காணிக்கு முற்பணம் கொடுப்பதற்கு முன்பே நில அளவைப் படத்தின் பிரதியோடு அந்த நிறுவனத்துக்குப் போய் விசாரியுங்கள். அனுமதி வந்தாலும் நிபந்தனைகளோடு வரலாம்: மண்ணை எவ்வளவு உயரம் வெட்டலாம், தாங்கு சுவர் எங்கே, மழைநீர்க் கான் எந்தப் பக்கம் என்று.

செலவு இங்கேதான் இடிக்கும். வங்கி பணத்தைக் கட்டம் கட்டமாகத்தான், முடிந்த வேலையைப் பார்த்துத்தான் விடுவிக்கும். தாங்கு சுவரோ வீட்டுக்கு முன்பே எழும்ப வேண்டும். அதைக் கடன் மதிப்பீட்டில் தனி வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள், அல்லது கையில் வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் தண்ணீர் வடியும் குழாய்களும் பின்னால் கல் நிரப்பலும் இல்லாவிட்டால், மழைநீர் தேங்கிச் சுவரை வெளியே தள்ளும். பாஸ்மார் (மேசன்மார்) மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் அந்தக் கல்லில்தான், சுவர் எழும்பும்போது நின்று பாருங்கள்.

பதுளை: வங்கி எடுக்கச் சொன்ன காப்புறுதி மண்சரிவுக்கும் உதவுமா?

தீக்காப்புறுதி என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் உதவாது. மண்சரிவு, வெள்ளம், புயல் ஆகியவற்றைத் தனித்தனியாகப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறதா என்று பத்திரத்தில் பாருங்கள். காப்புறுதித் தொகை வீட்டைத் திரும்பக் கட்டும் செலவுக்கு ஈடாக இருக்க வேண்டும், கடன் மீதிக்கு மட்டும் அல்ல. இல்லாவிட்டால் கிடைக்கும் பணம் வங்கிக்கே சரியாகிவிடும்.